மூத்த தம்பதிகளின் மிஷன்: எதைத் தேர்ந்தெடுத்தால் பேச ஆள் இருக்கும்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபை என்று பலரும் சொல்லும் சபையில், மிஷனரி என்றாலே வெள்ளைச் சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு இரண்டு இரண்டு பேராக நடக்கும் இளைஞர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். மிஷன் என்று சொல்லும் அந்த ஊழியத்துக்கு ஓய்வு பெற்ற கணவனும் மனைவியுமாகவும் போகலாம். 6, 12, 18, 23 மாதங்கள் என்று கால அளவு உண்டு, செலவு அவர்களுடையது, அவர்களையும் எல்டர், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் இளைஞர்களுக்கு இருப்பதுபோல் காலையில் குறித்த நேரத்துக்கு எழுந்தாக வேண்டும் என்ற கெடுபிடி இல்லை, வீடு வீடாகக் கதவைத் தட்டச் சொல்வதும் இல்லை.

போகலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது பணம், மருந்து மாத்திரை, பேரப்பிள்ளைகளைப் பிரிந்திருப்பது. எல்லாம் நியாயமான கவலைதான். ஆனால் ஊழியத்தை இனிப்பாக்குவதும் கசப்பாக்குவதும் பெரும்பாலும் வேறொன்று: மாலை நாலு மணிக்கு மேல், உங்கள் துணையைத் தவிர, யாரிடம் பேசப் போகிறீர்கள்? அந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

முதலாவது, சொந்த வீட்டில் இருந்துகொண்டே செய்யும் சேவை மிஷன். வாரத்தில் சில மணி நேரத்திலிருந்து கிட்டத்தட்ட முழுநேரம் வரை, உடம்புக்கும் வசதிக்கும் ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். குடும்ப வரலாற்று ஆவணங்களைச் சரிபார்ப்பது, நலத்திட்டக் கிடங்கில் உதவுவது, இணையவழிப் படிப்பில் சேர்ந்தவர்களுக்குக் கைகொடுப்பது மாதிரி வேலைகள். பழைய நண்பர்கள், பழைய மருத்துவர், பழைய சபை எதுவும் மாறாது. அதுதான் இதன் பலம், குறையும் அதுதான். மதியம் வீட்டுக்கு வந்துவிட்டால் அதே நாற்காலி, அதே தொலைக்காட்சி. ஏற்கெனவே நல்ல நட்பு வட்டம் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகு வட்டம் சுருங்கிப்போய், போன் அடித்தால் அது வங்கியிலிருந்துதான் என்ற நிலையில் இருக்கிறவர்களுக்கு இது பெரிதாக எதையும் மாற்றாது.

இரண்டாவது, வெளியூர் போய், மற்ற மூத்த தம்பதிகளும் இருக்கும் இடத்தில் வேலை செய்வது. ஒரு பகுதி மிஷனரிகளின் நிர்வாகத்தைப் பார்க்கும் மிஷன் அலுவலகம், ஆலயம், சபையின் வரலாற்றுத் தலங்கள் எல்லாம் இந்த வகை. இல்லினாய்ஸ் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நாவூ ஒரு நல்ல உதாரணம். 1840-களில் சபையின் மையமாக இருந்த ஊர், 2002-இல் அங்கே ஆலயத்தைத் திரும்பக் கட்டி முடித்தார்கள். பழைய வீடுகளையும் பட்டறைகளையும் சுற்றிக்காட்டுகிறவர்களில் பலர் மூத்த தம்பதிகள். பகலில் அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டு, மாலையில் மேடையேறிப் பாடி நடிக்கிறவர்களும் அவர்களில் உண்டு. அறுபது வயதுக்கு மேல் கூச்சத்தை விட்டுச் சேர்ந்து பாடி, வசனம் மறந்து, சேர்ந்தே சிரித்தவர்களுக்குள் நட்பு ஒட்டிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

அலுவலகம் இவ்வளவு கலகலப்பு இல்லை. கார்களின் கணக்கு, வீட்டு வாடகை, விசா, கடிதம் என்று வேலை காத்துக்கொண்டே இருக்கும். ஆனால் தினமும் அதே நாலைந்து முகங்கள். திங்கட்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவது, வேலையில்லாத நாளில் ஒரே காரில் நாலு பேராகச் சந்தைக்குப் போவது என்று ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். மனைவிமார் பேசிக்கொள்ள ஆள் கிடைக்கிறது, கணவன்மாரும் ஒருவருக்கொருவர் முழங்கால் வலியை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இங்கே யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கடம் உண்டு. எல்லோருடைய காலமும் ஒரே நாளில் முடிவதில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்ததும் மனத்துக்குப் பிடித்துப்போகிற தம்பதி மூன்று மாதத்தில் கிளம்பிவிடலாம். கிளம்புகிறவர்கள் அரிசி வேக வைக்கும் பாத்திரம், மேசை விசிறி, பாதி தீர்ந்த மிளகுத்தூள் டப்பா எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர்களோடு மறுபடி முதலிலிருந்து, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று தொடங்க வேண்டும். சிலருக்கு இது சுகம், சிலருக்கு அலுப்பு. இன்னொன்று, எல்லோரும் ஒரே நாட்டிலிருந்து, ஒரே மொழி பேசிக்கொண்டு வந்திருந்தால், போன நாட்டையே பார்க்காமல் திரும்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

மூன்றாவது வழிதான் கடினமானது: ஒரு சிறிய கிளைச் சபைக்குத் துணையாக, மற்ற தம்பதிகள் யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் இருப்பது. மூத்தவர்கள் மொழி கற்றே தீர வேண்டும் என்று சபை வற்புறுத்துவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசும்போதுதான் அதன் விலை தெரியும். பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்த முகமாகவே கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பாட்டியிடம் நிறுத்துவாள். பாட்டிக்கு உங்கள் மொழி தெரியாது, உங்களுக்கு அவர் மொழி தெரியாது. இரண்டு பேரும் பர்ஸைத் திறந்து பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டிக்கொள்வீர்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பாட்டி தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பார். இந்த மாதிரி நட்பு அலுவலக ஊழியத்தில் லேசில் கிடைக்காது. ஆனால் அது முளைவிடும் வரைக்கும், முதல் இரண்டு மூன்று மாதம் வறட்சிதான்.

இளம் மிஷனரிகள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அருமையான பிள்ளைகள். அவர்கள் தங்கும் வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கப் போகும் சாக்கில் ரொட்டி சுட்டு எடுத்துப் போவதும், காய்ச்சல் வந்த பையனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் மனத்துக்கு நிறைவுதான். ஆனால் பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும், பழகிய முகம் ஒன்று போய்விடும். அதோடு, பத்தொன்பது வயதுப் பையனிடம் பாசம் வைக்கலாம், அவனிடம் போய் நம் மனக்குறையைக் கொட்ட முடியாது.

கணவன் மனைவி உறவு தனிக் கதை. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும், பகல் முழுக்க ஒருவர் வேலைக்குப் போயிருப்பார். இங்கே சிறிய வீடு, ஒரே கார், ஒரே வேலை, இருபத்துநாலு மணி நேரமும் ஒன்றாக. ஒருவர் எல்லோரோடும் பழகுகிறவராகவும் மற்றவர் ஒதுங்கி இருக்கிறவராகவும் இருந்தால், தனித்த ஊரில் ஒதுங்குகிறவர் நிம்மதியாக இருப்பார், பழகுகிறவர் வாடிப்போவார், அந்த வாட்டம் முழுக்கத் துணையின் தலையில்தான் விடியும். அதனால் இந்த விஷயத்தில் நட்பு அதிகம் தேவைப்படுகிறவரின் விருப்பத்துக்கே முதலிடம் கொடுங்கள் என்பேன்.

செலவு, விடுப்பு பற்றிச் சுருக்கமாக. 2011-இல் சபை கொண்டுவந்த மாற்றத்தில், தம்பதிகள் ஊழியம் செய்யும் ஊரில் தங்கும் வீட்டுக்கென்று கொடுக்கும் தொகைக்கு மாதம் 1,400 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். முக்கியமான குடும்ப நிகழ்ச்சிக்குச் சொந்தச் செலவில் ஏழு முதல் பத்து நாள் ஊருக்குப் போய்வரவும் அப்போதுதான் வழி வந்தது. வெளிநாட்டில் 18 மாதத்துக்குக் குறைவாக ஊழியம் செய்வதானால் போகவர டிக்கெட்டும் தம்பதிகளின் கையிலிருந்துதான் என்பதும் அந்த மாற்றத்தில் இருந்தது.

சரி, எதை எடுப்பது? முதல் தடவை போகிறவர்கள் என்றால் நான் இரண்டாவது வழியையே சொல்வேன். மற்ற தம்பதிகள் சுற்றி இருக்கும்போது தவறு செய்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, அழுதாலும் கேட்க ஆள் உண்டு. அதில் தேறியவர்கள், புது மொழியில் நாலு வார்த்தை பேச வெட்கப்படாதவர்கள், அடுத்த முறை சின்னக் கிளைக்குத் துணிந்து போகலாம். உடல்நிலையோ வயதான பெற்றோரோ கட்டிப்போட்டிருந்தால் வீட்டிலிருந்தே செய்வதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம், ஆனால் குழுவாகச் செய்யும் வேலையாகக் கேட்டு வாங்குங்கள், வீட்டு அறையில் கணினி முன் தனியாக உட்கார வைக்கும் வேலை வேண்டாம்.

விண்ணப்பத்தில் விருப்பத்தை எழுத இடம் இருக்கிறது, முடிவு மட்டும் சபையினுடையது. எழுதுவதற்கு முன் அந்த மிஷனில் இப்போது இருக்கும் ஒரு தம்பதியோடு பேசிவிடுங்கள். உங்களைத் தவிர எத்தனை தம்பதிகள் இருப்பார்கள், அவர்கள் காலம் எப்போது முடிகிறது, எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் போனை மனைவியிடம் கொடுத்து, அந்தப் பக்கம் இருக்கும் சிஸ்டரோடு தனியாகப் பேசச் சொல்லுங்கள், உண்மை நிலவரம் அங்கேதான் வெளியே வரும்.