எச்சரிக்கை: இங்கிலாந்து நிலம் விற்க வருகிறவர்களிடம் எல்லைக்கோட்டைக் கேளுங்கள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கத்து ஹோட்டல்களில் அந்தக் கூட்டங்கள் மறுபடியும் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். இலவச இரவு உணவு, இங்கிலாந்தில் மனை, சில ஆண்டுகளில் மூன்று மடங்கு லாபம். என் மாமனார் 55 வயதில் எடுத்த மத்திய சேம நிதிப் பணத்தில், அதாவது ஓய்வுக்காலச் சேமிப்பில், பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. பத்திரம் போலி இல்லை. அந்நாட்டு நிலப் பதிவகத்தில் அவர் பெயர் இருக்கிறது. நிலமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு வேலி போடக்கூட உரிமை இல்லை என்பது மட்டும்தான் அவருக்குச் சொல்லப்படவில்லை.

விற்றவர் நம் தமிழ்ப் பையன்தான். வாய்க்கு வாய் ஐயா. "பொங்கோல் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, நீங்களே பார்த்தவர்தானே ஐயா?" என்று கேட்டிருக்கிறார். பன்றிப் பண்ணையும் மண் சாலையுமாக இருந்த பொங்கோலைக் கண்ணால் கண்டவருக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? கெட்டிக்காரப் பேச்சு. ஆனால் பொங்கோல் தானாக நகரமாகவில்லை. இங்கே அரசாங்கம் திட்டம் போடுகிறது, தேவைப்பட்டால் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலத்தைக் கையகப்படுத்துகிறது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டுகிறது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் எந்தத் துண்டு நிலத்துக்கு என்ன பயன்பாடு என்று நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். காலி நிலம் என்றால் அதன் முறை இன்னும் வரவில்லை என்று நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

இங்கிலாந்தில் கதை வேறு. 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, நிலம் உன்னுடையது என்பதால் மட்டும் அதில் கட்டிவிட முடியாது. உள்ளூர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த மன்றம் தன் வட்டாரத் திட்டத்தில் எந்த ஊர் எதுவரை வளரலாம் என்று முடிவு செய்கிறது. பல மன்றங்கள் ஒவ்வோர் ஊரையும் சுற்றி வளர்ச்சி எல்லை என்று ஒரு கோடே போட்டுவிடுகின்றன. கோட்டுக்கு உள்ளே வீடு கட்ட விண்ணப்பித்தால் பொதுவாக வழியுண்டு. வெளியே இருப்பது நாட்டுப்புறம். விவசாயத் தேவை, உள்ளூர் ஏழைகளுக்கான வீடுகள் போன்ற சில விலக்குகளைத் தவிர அங்கே கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும்.

மாமனாருக்குக் கொடுத்த வழவழப்பான சிற்றேட்டில் அந்தக் கோடு இல்லை. வயல் முழுவதும் மஞ்சள் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண், நடுவே சாம்பல் நிறத்தில் சாலைகள். அப்படி ஒரு சாலையும் அங்கே கிடையாது, எல்லாம் புல். மன்றத்தின் இணையத்தளத்தில் உண்மையான வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. திறந்து பார்த்தேன். தடித்த கறுப்புக் கோடு தேவாலயத்தைச் சுற்றி, பள்ளியைச் சுற்றி, கடைசி வீட்டின் கொல்லைப்புறத்தோடு நின்றுவிடுகிறது. செடிவேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது மாமனாரின் 'மனை'.

விற்றவரிடம் கேட்டால் அசரவில்லை. "கோட்டை ஒட்டியே இருப்பதுதான் ஐயா இதன் மதிப்பே. அடுத்த மறுஆய்வில் கோடு நகர்ந்துவிடும்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வட்டாரத் திட்டங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும், கோடுகள் நகர்வதும் உண்டு. ஆனால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்று பார்க்கும்போது, இந்த இடம் உண்மையிலேயே கைக்குக் கிடைக்குமா, வீடு கட்ட ஏற்றதா, கட்டி முடிக்க முடியுமா என்று மன்றம் கேட்கிறது. ஒரே விவசாயியின் கையில் இருக்கும் வயல் என்றால் ஒரு கையெழுத்தில் காரியம் முடியும். துண்டு துண்டாக்கிச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நூற்றுக்கணக்கானோருக்கு விற்ற வயலில் அத்தனை பேரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது யார்? கோடு நகரும் என்று சொல்லி விற்றவர்களே, விற்ற விதத்தால் அது நகரும் வாய்ப்பைக் கெடுத்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, இப்படிக் கூறுபோட்ட வயலில் ஆளுக்கொரு வேலியும் கொட்டகையும் முளைக்கும் என்று பயந்து, வேலிக்கே தனி அனுமதி வேண்டும் என மன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்று கூட்டத்தில் சொன்னார்களே, மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த வயலின் பெயரில் ஒரு விண்ணப்பமும் இல்லை. விலையைச் சொன்னால் வயிறு எரியும். ஓர் ஏக்கரில் பன்னிரண்டில் ஒரு பங்குகூடத் தேறாத துண்டுக்கு, அந்த ஊரில் ஒரு முழு ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கிவிட்டு மீதியும் வைத்துக்கொள்ளக்கூடிய தொகை.

இங்கே முறையிடலாம் என்று போனால், வெளிநாட்டு நிலத்தை நேரடியாக விற்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் கண்காணிப்புக்குள் வராது என்பதுதான் பதில். ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லாத நிறுவனம் என்றால் நல்ல நிறுவனம் என்று எண்ணிவிடவும் கூடாது. இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம் 2016இல் இதுபோன்ற ஒரு வழக்கில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நடைமுறையில் இது உரிமமில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டமே, அதாவது பலர் போட்ட பணத்தை வேறொருவர் நிர்வகிக்கும் திட்டமே, என்று தீர்ப்பளித்தது. மாமனாரின் ஒப்பந்தத்தில் 'நிலத்தை வாங்குபவரே நிர்வகிப்பார்' என்று ஒரு வரி ஏன் இருந்தது என்பது அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது: இது கூட்டுத் திட்டம் இல்லை, உரிமம் தேவையில்லை என்று காட்டிக்கொள்ளத்தான்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: மன்றத்தின் பெயர், வயலின் சரியான இடம், திட்ட வரைபடத்தில் ஊர் எல்லைக்கோடு எங்கே. பிறகு நீங்களே மன்றத்தின் தளத்தில் பாருங்கள். "இன்று மட்டும்தான் இந்த விலை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், சாப்பாடு போனால் போகட்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இன்னொன்று. அண்மையில் மாமனாருக்கு ஓர் அழைப்பு வந்தது. உங்கள் மனைக்கு ஆள் கிடைத்துவிட்டது, வரியை மட்டும் முன்கூட்டியே கட்டினால் போதும் என்று ஒரு பெண் பேசினார். மனை எண் உட்பட எல்லாம் அவரிடம் இருந்தது. பழைய வாங்குநர் பட்டியல் கைமாறியிருக்கிறது என்றே நினைக்கிறேன். உங்களுக்கும் வந்தால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைத்துச் சொல்லுங்கள்.