பேசாத பயாஸ்: எந்த வழியில் போகலாம்?

கண் தெரியாத நமக்கு, விண்டோஸ் ஏறிய பிறகு என்விடிஏவோ ஜாஸோ, ஏதாவது ஒரு திரைவாசிப்பான் மென்பொருள் எல்லாவற்றையும் குரலில் படித்துச் சொல்லிவிடும். அதற்கு முந்தைய சில விநாடிகள்தான் தொல்லை. பயாஸ், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை, திறக்கும் நேரத்தில் இயங்குதளமும் இருக்காது, அதன் ஒலி டிரைவரும் இருக்காது. திரைவாசிப்பான் ஓட இடமே இல்லை. அதற்காக முடியாத காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண பிசியில் மேக்ஓஎஸ் ஏற்றுபவர்கள் பயன்படுத்தும் ஓப்பன்கோர், தன் பூட் மெனுவை (எதிலிருந்து கணினியைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியலை) குரலில் படிக்கும் வசதியோடு வருகிறது. லேப்டாப் தயாரிக்கிறவர்கள் அந்த அக்கறை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு அங்கே பெரும்பாலும் மூன்று வேலைகள் இருக்கும்: யுஎஸ்பியில் இருந்து பூட் செய்வது, விர்ச்சுவலைசேஷனை (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்ட உதவும் வசதியை) ஆன் செய்வது, லினக்ஸுக்காக செக்யூர் பூட்டை (அங்கீகாரமில்லாத மென்பொருள் தொடக்கத்தில் ஏறாமல் தடுக்கும் காவலை) ஆஃப் செய்வது. வழி வேலைக்கு வேலை மாறும்.

அதிகம் பரிந்துரைக்கப்படுவது மனப்பாடம். "எஃப்2 அழுத்து, வலது அம்பு மூன்று தடவை, கீழே ஐந்து, என்டர், எஃப்10" என்று யாராவது எழுதிக் கொடுப்பார்கள். என் பார்வையில் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான். ஒரே மாடலாக இருந்தாலும் பயாஸ் அப்டேட் ஆகியிருந்தால் ஒரு வரி கூடியிருக்கும். கூடுதலாக ஒரு எஸ்எஸ்டி போட்டிருந்தால் பட்டியல் நீண்டிருக்கும். தவறான வரியில் என்டர் அடித்தோமா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வட்டோடு கணினி பேசும் முறையான சாட்டா மோடை மாற்றித் தொலைத்தால் விண்டோஸே எழுந்திருக்காது. மனப்பாடத்தை ஒரு காரியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: பூட் மெனுவை வரவழைக்கும் விசை. டெல்லிலும் தின்க்பேடிலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

ஃபோன் கேமரா இதைவிடப் பரவாயில்லை. பார்வையற்றோருக்கு வீடியோ காலில் உதவும் பீ மை ஐஸ் ஆப் வழியாக ஒரு தன்னார்வலரைக் கூப்பிடலாம். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் தம்பிக்கே வீடியோ கால் போடலாம். மனிதர் பார்த்துச் சொல்வதில் ஒரு பெரிய லாபம், வெளிச்சமிட்ட வரி எது என்று கேட்க முடியும். "தம்பி, பட்டை இப்போ எந்த வரியில நிக்குது?" என்று ஒவ்வொரு அம்பு விசைக்குப் பிறகும் கேட்டுவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். "எல்லாம் சரியா இருக்கு அண்ணே" என்று பொதுவாகச் சொல்பவரை நம்பாதீர்கள். வரியை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். படத்தை விவரிக்கும் ஏஐ வேகமானது, கூச்சமில்லாமல் நூறு தடவை கேட்கலாம். ஆனால் எனேபிள்ட், டிசேபிள்ட் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டு அதே உறுதியான குரலில் பேசும். சேவ் செய்யும் முன் இரண்டாவது படம் எடுத்தே ஆக வேண்டும்.

யாரையும் கூப்பிடப் பிடிக்காதவர்களுக்கு எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு. மலிவான யுஎஸ்பி குச்சியே போதும். பயாஸ் திறந்த கணினியின் எச்டிஎம்ஐ வெளியீட்டை இன்னொரு லேப்டாப்பில் கேமரா படமாகத் திறந்து, என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தினால், படத்திலுள்ள எழுத்தைக் கண்டறியும் ஓசிஆர் படித்துவிடும். கை நடுக்கம், வெளிச்சப் பளபளப்பு எதுவும் இல்லாத சுத்தமான படம் என்பதால் எழுத்துகள் நன்றாகவே கிடைக்கும். குறை என்னவென்றால், ஓசிஆருக்கு நிறம் தெரியாது; எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று சொல்லாது. இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பல பயாஸ்களில் திரையின் வலது பக்கம் ஒரு விளக்கப் பெட்டி இருக்கும். நீங்கள் நிற்கும் வரிக்கு ஏற்ப அதிலுள்ள வாசகம் மாறும். அம்பு விசையை ஒரு தடவை அழுத்தி, மறுபடி ஓசிஆர் எடுத்து, அந்த விளக்கத்தை மட்டும் கேளுங்கள். எங்கே நிற்கிறோம் என்று புரிந்துவிடும். மெதுவான வேலைதான், ஆனால் நம் கையில் இருக்கும் வேலை. சில லேப்டாப்கள் பயாஸை உள்திரையில் மட்டும்தான் காட்டும், அப்போது இந்தக் கார்டால் பயனில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் அந்தத் திரைக்குள் போகும் வழிகள். உள்ளே போகாமலே முடித்துவிடலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

யுஎஸ்பி பூட் மட்டும்தான் தேவையென்றால் விண்டோஸே போதும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் மெனுவில் 'யூஸ் எ டிவைஸ்' இருக்கும். அங்கே விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டரை எழுப்பலாம், ஒலி டிரைவர் ஒத்துழைத்தால். ஒத்துழைக்காவிட்டால் விண்டோஸுக்குத் திரும்பி அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் பிசிடிஎடிட் கட்டளை, லினக்ஸில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை. இரண்டுமே பூட் வரிசையை எழுத்தாகக் காட்டும், அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் மாற்றவும் விடும்.

விர்ச்சுவலைசேஷன் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் சொந்தக் கருவிதான் எனக்கு முதல் தேர்வு. டெல்லுக்கு டெல் கமாண்ட் கன்ஃபிகர். தின்க்பேடில் தனியாக எதையும் நிறுவக்கூட வேண்டாம், விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில், விண்டோஸோடு வரும் டபிள்யூஎம்ஐ இடைமுகம் வழியாகவே பயாஸ் அமைப்புகளைப் படித்து மாற்றலாம். எச்பியின் பயாஸ் கன்ஃபிகரேஷன் யுடிலிட்டி இன்னும் எளிது. அத்தனை அமைப்புகளையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாக எழுதித் தந்துவிடும். நோட்பேடில் திறந்தால் அமைப்பின் பெயர் ஒரு வரி, கீழே சற்று உள்தள்ளி அதற்கான தெரிவுகள். இப்போது நடப்பில் இருக்கும் தெரிவின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அந்த வரிக்கு வந்ததும் என்விடிஏ அதைச் சொல்லும். தேடிப் போய், நட்சத்திரத்தை டிசேபிளில் இருந்து வெட்டி எனேபிளின் முன் ஒட்டினால் வேலை முடிந்தது. முதல் வரியையும் மாற்றிய அமைப்பையும் மட்டும் விட்டு மற்றவற்றை அழித்துவிட்டு ஃபைலை அந்தக் கருவிக்கே திருப்பிக் கொடுங்கள், வேறெதுவும் தவறிப்போய் மாறாது. ரீஸ்டார்ட் ஆனதும் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவைப் பார்த்தால் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட் என்று வரும். மாற்றியதும் நாமே, சரிபார்த்ததும் நாமே.

செக்யூர் பூட்டில் மட்டும் இந்த வழி கொஞ்சம் சறுக்கும். எச்பியில் அதை ஆஃப் செய்தால், அடுத்த தொடக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றைத் திரையில் காட்டி அதைத் தட்டச்சு செய்யச் சொல்லும். உண்மையிலேயே ஆள் முன்னால் இருக்கிறாரா என்று பார்க்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. கண் தெரிந்த ஆளை மட்டுமே நினைத்துச் செய்தது. இங்கே ஃபோன் கேமரா அவசியம், முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வட்டை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் பயாஸில் கை வைக்கும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும்.

சர்வர் பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே குறைவு. சீரியல் கன்சோல் வழியாக பயாஸ் திரை எழுத்தாகவே இன்னொரு கணினியின் டெர்மினலுக்கு வந்துவிடும், அங்கே திரைவாசிப்பான் படிக்கும்.

தயாரிப்பாளர்களின் சொந்தக் கருவிகளுக்கான ஆதரவு பெரும்பாலும் அலுவலகங்களுக்கு விற்கும் வரிசைகளில்தான் கிடைக்கும்: டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக், லெனோவோவின் தின்க்பேட். அதே கம்பெனியின் மலிவான வீட்டு மாடலில் கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். புது எலைட்புக் விலை கையைக் கடிக்கும், ஆனால் அலுவலகங்கள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது பயாஸுக்கு பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது தெரியாமல் மேலே சொன்ன கருவிகள் அமைப்புகளைப் படித்துக் காட்டலாம், மாற்ற மட்டும் விடாது. தின்க்பேடாக இருந்தால் கடையிலேயே பவர்ஷெல்லில் கேட்டுவிடலாம். பாஸ்வேர்டு நிலை 0 என்று வந்தால் பூட்டு இல்லை, பேரம் பேச ஆரம்பிக்கலாம்.