பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் கேசியோ கணிகருவி

கல்முனைப் பிரதான வீதியிலுள்ள புத்தகக் கடையொன்றில் வாங்கிய கேசியோ எப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கணிகருவியை என்னுடைய பிரத்தியேக வகுப்பில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். சைன், கோசைன், மடக்கை ஆகியவற்றை எந்த விஞ்ஞானக் கணிகருவியும் தந்துவிடும் என்பதால், பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரேயொரு வசதியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்: பத்து இலக்கம் வரையுள்ள முழுவெண்ணை இது முதன்மைக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும்.

எண்ணை உள்ளிட்டுச் சமன் பொத்தானையும், பின்னர் 'சிஃப்ட்' பொத்தானையும், அதையடுத்துப் பாகை, கலை, விகலைக்குரிய பொத்தானையும் அழுத்தினால், பாடநூலில் எழுதுவதைப் போலவே சுட்டிகளோடு விடை திரையில் தோன்றும். 9999999999 என்ற எண்ணுக்கு 3² × 11 × 41 × 271 × 9091 என்று வரும். 41 உம் 271 உம் 99999 இன் காரணிகளாதலால் 1/41 இன் தசமம் 0.0243902439… என ஐந்து இலக்கங்களுக்கு ஒருமுறை மீள்கிறது என்பதை மாணவர்கள் இந்த ஒரு வரியிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, கருவி தன் எல்லையை மறைக்காமல் காட்டும் விதமாகும். 1234567890 ஐக் கொடுத்தால் 2 × 3² × 5 × (13717421) என்று வரும். கருவி மூவிலக்க முதன்மை எண்கள் வரையே வகுத்துப் பார்க்கிறது. அவை 997 உடன் முடிகின்றன; அடுத்தது 1009. ஆகவே அதுவரை வகுத்தபின் எஞ்சுவது 1009 இன் வர்க்கமான 1018081 இலும் குறைவாக இருந்தால் அது முதன்மை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் குறையாவிட்டால், மேலும் பிரிக்க முயலாமல் அடைப்புக்குறிக்குள் இட்டுவிடுகிறது. மிகுதி வேலை நம்முடையது. 13717421 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. 3704² இலிருந்து இவ்வெண்ணைக் கழித்தால் 2195 வரும், அது நிறைவர்க்கமன்று. 3705² இலிருந்து கழித்தால் 9604, அதாவது 98². இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதியதும் 3607 × 3803 என்று எண் பிரிந்துவிடுகிறது. சாதாரண தர மாணவர் ஒருவர் தாளிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் மேலும் பிரியும் என்று எண்ணிவிடக் கூடாது. கணிதவியலாளர் பெர்மா, முதன்மை எண்ணென்று கருதிய 4294967297 ஐ, அதாவது 2³² + 1 ஐ, உள்ளிட்டால் 641 × (6700417) என்று வருகிறது. 1732 இல் கணிதவியலாளர் ஒயிலர் கண்டுபிடித்த காரணி கணப்பொழுதில் கிடைத்துவிடுகிறது. 6700417 ஓ முதன்மை எண். அதை உறுதிப்படுத்த 1009 இலிருந்து 2588 வரையுள்ள முதன்மை எண்களைச் சோதித்தாக வேண்டும்; 64 ஆல் வகுக்க 1 மீதி வருபவை மட்டுமே இவ்வெண்ணின் காரணிகளாக முடியும் என்பதால் அந்தப் பட்டியலும் மிகவும் சுருங்கிவிடும்.

பத்து இலக்கத்தைத் தாண்டிய எண்களுக்கு இந்த வசதி பயன்படாது. எண்களில் ஆர்வமுள்ள பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு இதைத் தயக்கமின்றி வாங்கிக் கொடுக்கலாம். வாங்கிக் கொடுக்கும்போது 13717421 ஐயும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.