கண்ணி தப்பினால்: திரும்புவதா, இறங்குவதா, உருவிப் போடுவதா?

இரண்டு ஊசியால் நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் கற்க ஆரம்பித்த புதிதில் தப்பு கண்ணில் பட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊசியை உருவிவிட்டு, நூலைப் பிடித்து இழுத்து, மொத்தத்தையும் பிரித்துப் போடுவது. முதல் மஃப்ளரை நான்கு முறை தொடங்கினேன். அதில் மூன்று முறை பிரித்திருக்கவே வேண்டாம் என்று இப்போது புரிகிறது.

தப்பைச் சரிசெய்ய வழிகள் சில உண்டு. எது நல்லது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: தப்பு எத்தனை வரிசை கீழே இருக்கிறது, அது ஒரு கண்ணியோடு (ஒரு நூல் வளையத்தோடு) நிற்கிறதா அல்லது வரிசை முழுக்கப் பரவியிருக்கிறதா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கண்ணி அகலத் துணி. ஆறு வரிசைக்குக் கீழே ஓரிடத்தில் நிட் (முன்பக்கம் V போலத் தெரியும் கண்ணி) போட வேண்டிய இடத்தில் பர்ல் (அதன் பின்பக்கம், சிறு மேடாகத் தெரிவது) போட்டுவிட்டீர்கள். கண்ணி கண்ணியாகத் திரும்பிப் போனால் சுமார் 240 கண்ணிகளை அவிழ்க்க வேண்டும், மறுபடி 240 பின்ன வேண்டும். அந்த ஒரு கண்ணியை மட்டும் நழுவவிட்டு, நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசியால் ஏற்றினால் ஆறு இழுப்புதான். ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழியில்தான் பயம் அதிகம். வேண்டுமென்றே கண்ணியை நழுவவிடுவது யாருக்குத்தான் மனம் வரும்?

முதலில் திரும்பிப் போவதைப் பார்ப்போம். நிட் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு இதை டிங்க் என்பார்கள். வலது ஊசியில் முதலில் நிற்கும் கண்ணிக்கு நேர் கீழே உள்ள கண்ணியில் இடது ஊசியை முன்பக்கமிருந்து நுழைத்து, வலது ஊசியை விலக்கி, நூலை இழுத்தால் ஒரு கண்ணி அவிழும். நிட்டானாலும் பர்லானாலும் முறை இதேதான். எந்தக் கண்ணியும் ஊசியை விட்டு இறங்காது என்பதால் ஆபத்தே இல்லை. பொறுமைதான் வேண்டும். தப்பு இதே வரிசையில் இருந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். இரண்டு வரிசைக்கு மேல் போனால் நான் இதைச் செய்வதில்லை.

அடுத்தது, என் கட்சி எப்போதும் இதுதான், ஒரே கண்ணியில் இறங்குவது. தப்புக்கு நேர் மேலே உள்ள கண்ணி வரும்வரை பின்னிக்கொண்டு போய், அதை ஊசியிலிருந்து விட்டுவிட வேண்டும். வரிசை வரிசையாக அவிழ்ந்து நடுவில் ஏணிப்படி போலக் குறுக்கு நூல்கள் தெரியும். தப்பு இருந்த இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணிக்குள் குரோஷா ஊசியை முன்பக்கமிருந்து விட்டு, ஆகக் கீழே உள்ள குறுக்கு நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. படியைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பர்ல் கண்ணி என்றால் துணியைத் திருப்பி, பின்பக்கத்தில் அதை நிட்டாக ஏற்றிவிடலாம். எல்லா வரிசையும் நிட்டாகவே போகும் கார்டர் பின்னலில் ஒவ்வொரு படிக்கும் துணியைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் எரிச்சல்தான்.

தெரியாமல் ஊசியில் நூல் சுற்றிக் கூடுதல் கண்ணி முளைத்திருந்தாலும் இதே வைத்தியம். அந்தக் கண்ணியை அது பிறந்த இடம்வரை அவிழவிட்டால் தானாகவே மறைந்துவிடும். மிஞ்சும் தொளதொளப்பு ஒரு முறை நனைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கண்ணிகளைச் சேர்த்தும் துளைவிட்டும் போடும் லேஸ் வேலைப்பாட்டில் புதியவர்கள் இதில் இறங்க வேண்டாம். துணியின் ஓரக் கண்ணியும் சிக்கலானது.

சரி, மொத்தமாக உருவுவது எப்போது? தப்பு வரிசை முழுக்க இருக்கும்போது, அளவே தவறும்போது. உருவுவதில் பயம் பிரிப்பதில் இல்லை, திறந்து நிற்கும் கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றுவதில்தான். அதனால் பிரிப்பதற்கு முன்பே, தப்பில்லாத ஒரு வரிசையைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு கண்ணியின் வலது காலுக்கு (வளையத்தின் வலப்பக்க நூலுக்கு) அடியிலும் மெல்லிய ஊசி ஒன்றை நுழைத்துவிடுங்கள். பிறகு எவ்வளவு இழுத்தாலும் அந்த ஊசியோடு நின்றுவிடும். கண்ணி ஏறும்போது வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறி உட்கார்ந்தால் அடுத்த வரிசையில் முறுக்கிக்கொள்ளும்.

இதையே முன்கூட்டிச் செய்தால் லைஃப்லைன். வேறு நிறத்தில் வழவழப்பான மெல்லிய நூலை ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளிலும் கோத்துவிட்டுத் தொடர்ந்து பின்னுவது. இடம் தெரிய ஊசியில் மாட்டும் அடையாள வளையத்துக்குள் மட்டும் கோத்துவிடாதீர்கள், அப்புறம் வளையம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பத்து வரிசைக்கு ஒன்று போட்டால் அதிகபட்ச இழப்பே பத்து வரிசைதான். சாதாரண மஃப்ளருக்கு இது அதிகப்படி. லேஸுக்கு இல்லாமல் முடியாது.

கடைசியாக, அப்படியே விட்டுவிடுவது. பல வரிசை கீழே போய்விட்ட ஒற்றைப் பர்ல், ஒரு முறுக்கிய கண்ணி இவற்றை நான் விட்டிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் இரண்டு கண்ணிக்கு நடுவே உள்ள நூலைத் தூக்கி ஒன்று கூட்டிக்கொள்ளலாம். நழுவிய கண்ணியை மட்டும் விடவே கூடாது. கம்பளி நூலில் சொரசொரப்பு இருப்பதால் அது கொஞ்ச நேரம் தாங்கும். பருத்தியிலோ பட்டிலோ இழுத்த இழுப்புக்கு ஓடிவிடும். கையில் குரோஷா ஊசி இல்லாவிட்டால் இப்போதைக்கு அதில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டி வையுங்கள்.