பதினேழு வருஷம் காஃபின்: ஒரு லாரி டிரைவரின் கணக்கு

பயன்படுத்தியது: டீ, காபி, நடுவில் கொஞ்ச நாள் டின் எனர்ஜி டிரிங்க். காலம்: 2008 முதல் இன்று வரை. உச்ச அளவு: ஒரே ராத்திரியில் ஒன்பது கிளாஸ் டீ. தடம்: பாலக்கோடு மண்டியிலிருந்து கோயம்பேடு, சில நாள் கோலாரில் ஏற்றி மதுரை. லோடு: தக்காளி. அது நமக்காகக் காத்திருக்காது. ரெண்டு மணி நேரம் தாமதமாகப் போனால் விலையும் போச்சு, வாடகையிலும் கை வைப்பார்கள்.

முதல் ரெண்டு வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஸ்ட்ராங் டீ அடித்தால் அரை மணி நேரத்தில் கண் கழுவி விட்டது போல இருக்கும். பாட்டு காதில் தெளிவாக விழும், எதிர் வண்டி வெளிச்சம் உறுத்தாது. டீ தெம்பு தருகிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

அது தெம்பில்லை என்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போய் உட்கார மூளையில் அதற்கென்று இடங்கள் உண்டு. அங்கே உட்கார உட்காரத் தூக்கம் அழுத்தும். டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபினின் உருவமும் கிட்டத்தட்ட அதே மாதிரி என்பதால், முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். அடினோசின் எங்கேயும் போகவில்லை, வெளியே நின்றுகொண்டிருக்கும். எங்கள் பழைய வண்டியில் ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்று கிளீனர் பையன் அதன் மேல் முருகர் ஸ்டிக்கரை ஒட்டினான். விளக்கு மறைந்தது. இன்ஜினுக்குள் ஆயில் ஏறிவிட்டதா என்ன?

இதை எனக்குப் புரியவைத்தது தொப்பூர். கோலாரிலிருந்து மதுரைக்குப் போன ஒரு நாள், விடியற்காலை நாலு மணி, கணவாய் இறக்கம். அந்த ராத்திரியில் அது ஐந்தாவது டீ, குடித்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கண் திறந்துதான் இருந்தது என்று சத்தியம் செய்வேன். ஆனால் ஓரக் கோட்டில் டயர் ஏறி கடகடவென்று வண்டி அதிர்ந்தபோதுதான் எனக்கு ஸ்டீயரிங்கே தெரிந்தது. கிளீனர் கத்தவில்லை, அவனும் தூங்கிக்கொண்டிருந்தான். ரெண்டு நாள் தூங்காத உடம்புக்கு எத்தனை கிளாஸ் ஊற்றினாலும், மூளை தானாகவே சில நொடி சாத்திக்கொள்ளும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் அது இன்னும் மோசம்.

உடம்பு பழகிப்போவதை யாரும் சொல்லித் தரவில்லை. தினமும் குடித்தால் அந்த உட்காரும் இடங்களை மூளையே அதிகமாக்கிக்கொள்ளும். முதல் வருஷம் ஒரு கிளாஸ் செய்த வேலைக்கு ஐந்தாம் வருஷம் மூணு கிளாஸ் கேட்கும். அந்தக் காலத்தில்தான் எனர்ஜி டிரிங்க் பக்கம் போனேன். நம் நாட்டு விதிப்படி அதில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் இருக்கக் கூடாது. கால் லிட்டர் டின்னில் அதிகபட்சம் 75. நல்ல காபி ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். மீதியெல்லாம் சர்க்கரையும் விளம்பரமும். காசுக்குப் பிடித்த கேடு.

அடுத்து கை நடுக்கம். தார்ப்பாய்க் கயிற்றுக்கு முடிச்சுப் போடும்போது விரல் ஆடியது. லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கப் போன இடத்தில் பிரஷர் 150க்கு மேல் காட்டியது. “காலையில என்ன சாப்ட்டீங்க?” என்றார் டாக்டர். “ரெண்டு காபி சார், இப்பத்தான்.” மறுநாள் வெறும் தண்ணீரோடு வரச் சொன்னார், 138க்கு இறங்கியிருந்தது. பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலிருந்தே டீ, காபி, பீடி எதுவும் கூடாது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பீடி என்றதும் என் மச்சான் நினைவு. அவரும் டிரைவர்தான். பீடியை விட்ட ஒரு மாதத்தில், “மாப்ள, நெஞ்சு படபடங்குது, டீயில எதையோ கலக்குறானுங்க” என்றார். யாரும் கலக்கவில்லை. புகை பிடிப்பவரின் ஈரல் காஃபினை வேகமாகக் கரைத்துத் தள்ளும். புகையை விட்டால் அந்த வேகம் குறையும், அதே ஆறு டீ ரத்தத்தில் கூடுதல் நேரம் நிற்கும். அளவைப் பாதியாக்கினார், படபடப்பு அடங்கியது.

கர்ப்பிணிகளுக்கு இதைவிட மெதுவாகத்தான் கரையும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் சொன்ன வரம்பு, நல்ல உடம்புள்ளவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிக்கு 200. என் வீட்டுக்காரி ரெண்டாவது குழந்தை உண்டாகியிருந்தபோது இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். நர்சம்மா பார்த்துவிட்டு, “ஏம்மா, மாத்திரையை வாங்கிக் கழனியில கொட்டறியா?” என்று பிடித்த பிடியில் நானும் நடுங்கினேன். இதில் குற்றவாளி காஃபின் இல்லை, டீயிலும் காபியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள். இரும்பை உடம்பில் சேரவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். எங்கள் ஜில்லாவுக்கு இன்னொன்றும் உண்டு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும். போர் தண்ணீரில் டீ போட்டு நாள் முழுக்கக் குடிப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

ஒரு தீபாவளி வாரம், லோடு இல்லை. ஒரேயடியாக நிறுத்திப் பார்ப்போம் என்று இறங்கினேன். முதல் நாள் வீரம். மறுநாள் மதியம் நெற்றிப் பொட்டில் ஆரம்பித்து மண்டை முழுக்க வலி, கூடவே எரிச்சல், பிள்ளைகள் மேல் கத்தல். ஒரு தலைவலி மாத்திரை போட்டேன், அரை மணியில் சொர்க்கம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பாராசிட்டமாலுக்குக் கீழே பொடி எழுத்தில் காஃபின்! முன் வாசலில் துரத்தியதைப் பின் வாசலில் நானே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். அந்த மாத்திரை இல்லாமல் மறுபடி தொடங்கினேன். ஆறாம் நாள் வலி விட்டது. காஃபின் விட்டால் வரும் இந்தத் தொல்லையை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தங்கள் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். நான் கோழை இல்லை என்று வீட்டில் காட்ட உதவியது.

முழுதாக விட்டேனா என்றால் இல்லை. டீ பிடிக்கும், அவ்வளவுதான். நேரத்தை மட்டும் மாற்றினேன். குடித்ததில் பாதி கரையவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணி டீயில் பாதி, பதினொரு மணிக்கும் உள்ளே நிற்கும். வீட்டில் இருக்கும் நாளில் மதியம் ரெண்டுக்கு மேல் தொடுவதில்லை. பல வருஷமாக வயசாவதால் தூக்கம் வரவில்லை என்று நினைத்திருந்தேன், டீயால்தான் வரவில்லை.

ராத்திரி லோடு என்றால் வேறு கணக்கு. குடித்தவுடன் காஃபின் வேலை செய்யாது, இருபது முப்பது நிமிஷம் ஆகும். அந்த இடைவெளியில் தூங்கிவிட வேண்டும். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990களில் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை கார் சிமுலேட்டரில் உட்கார வைத்துச் சோதித்ததிலும் காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்தது நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒரு கடையில் வண்டியை ஓரம் கட்டி ஒரு டீ குடித்துவிட்டு சீட்டில் சாய்ந்துவிடுவேன். சரியாக இருபது நிமிஷத்தில் கடைப் பையன் வந்து கதவைத் தட்டுவான்.

“ண்ணா, எந்திரிங்க, டைம் ஆச்சு.”

டீக்கு மட்டும்தான் காசு வாங்குகிறான்.