வட்டிக் கடனா, ஹெத்தேர் இஸ்காவா?

யூதர் இன்னொரு யூதரிடம் வட்டி வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்கிறது அவர்களுடைய வேதமான தோரா. ஆனால் இஸ்ரேலில் வங்கி நடந்தாக வேண்டுமே! அதற்கான வழிதான் ஹெத்தேர் இஸ்கா என்ற பத்திரம். வங்கிக் கிளைகளில் சுவரிலேயே மாட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

சாதாரணக் கடனில், வியாபாரம் படுத்தாலும் அசலும் வட்டியும் வந்தாக வேண்டும். இஸ்காவில் பணம் கொடுப்பவர் கூட்டாளி ஆகிவிடுகிறார். 1,00,000 ஷெக்கெல் என்றால், வழக்கமான வடிவத்தில் 50,000 கடன், மீதி 50,000 முதலீடு. முதலீட்டுப் பாதியின் லாபமும் நட்டமும் அவரைச் சேரும். சரி, வாங்கியவர் நட்டம் என்று கையை விரித்தால்? இரண்டு சாட்சிகள் வேண்டும். லாபம் இவ்வளவுதான் என்றால் சத்தியம் செய்ய வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாமென்றால், முன்பே பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு மிச்ச லாபத்தை அவரே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகை வட்டிக் கணக்கோடு அச்சாகப் பொருந்துவது தற்செயல் இல்லைதான்.

வெறும் கண்துடைப்பு என்பவர்களோடு நான் முழுசாக ஒத்துப்போக மாட்டேன். கடை போடுபவருக்கு இஸ்கா நியாயமாகவே பொருந்துகிறது. கல்யாணச் செலவுக்கு வாங்குபவருக்கு லாபம் எங்கிருந்து வரும்? அங்கேதான் இடிக்கிறது. அவருக்கு இரண்டையும்விட, கெமாக் எனப்படும் வட்டியில்லாக் கடன் நிதியே மேல்.