தை மாதத்தில் கோனி ஐலண்ட் காட்டுகிறோம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இருந்து அமெரிக்கச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள், குறிப்பாக வயதான அப்பா அம்மாவைக் குழுவோடு அனுப்பி வைக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

பொங்கல் முடிந்ததும் புறப்படும் பயணங்களின் நோட்டீஸில் நியூயார்க் பகுதியில் ஒரு வரி இருக்கும்: "நூறாண்டு பழமையான கடற்கரை கேளிக்கைப் பூங்கா கோனி ஐலண்ட், நுழைவுக் கட்டணமும் மூன்று ரைடுகளும் சேர்த்து." இந்த ஒரு வரிக்கு எங்களிடம் ஆளுக்கு 8,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். நாங்கள் போன ஜனவரிக் கடைசியில் அங்கே ஒரு ரைடும் ஓடவில்லை. நுழைவுக் கட்டணம் என்பதோ எந்த மாதத்திலும் கிடையாது.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, எழுபது வயதையொட்டிச் செய்யும் பீமரத சாந்தி முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போட்ட ஏற்பாடு இது. துணைக்கு நானும் போனேன். எங்கே போகணும் என்று கேட்டபோது எங்கள் அம்மா, ஆத்தா, எதுவும் சொல்லவில்லை. அப்பச்சி மட்டும் கோனி ஐலண்டில் இருக்கும் வொண்டர் வீலைப் பார்க்கணும் என்றார்கள். இரும்புக் கடை வைத்திருந்தவர்கள், பழைய இயந்திரம் என்றால் அவர்களுக்கு உயிர். 1920இல் ஓட ஆரம்பித்த 150 அடி உயர ராட்டினம் அது. மொத்தம் 24 பெட்டிகள். எட்டுப் பெட்டிகள் நம் ஊர் ராட்டினம் மாதிரி ஒரே இடத்தில் தொங்கும். மற்ற பதினாறும் சக்கரம் சுற்றும்போதே உள்ளே இருக்கும் தண்டவாளத்தில் சறுக்கி ஓடும். அதை எப்படி வடிவமைத்திருப்பார்கள் என்று அப்பச்சி காகிதத்தில் வரைந்து வரைந்து பேரனுக்கு விளக்குவார்கள். பக்கத்திலேயே 1927இலிருந்து ஓடும் சைக்ளோன் என்ற மரத்தாலான ரோலர் கோஸ்டர் இருக்கிறது. அதில் ஏற முடியாவிட்டாலும் கீழே நின்று சத்தத்தையாவது கேட்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பணம் கட்டும் முன்பே நான் ஏஜென்ட்டிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன், ஜனவரியில் அது திறந்திருக்குமா என்று. "வருஷம் பூரா ஓபன்தான், ஆச்சி, குளிருக்குக் கோட்டு மட்டும் எடுத்துக்கங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

போன அன்று பஸ்ஸை விட்டு இறங்கினால் கடல்காற்று முகத்தில் அறைகிறது. மரப்பலகை நடைபாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லா ஷட்டரும் இறங்கியிருக்கிறது. கூட வந்த வழிகாட்டிப் பையன், "நேத்துப் பனி பெஞ்சதால இன்னைக்கு மட்டும் லீவு விட்டுட்டாங்கய்யா" என்றான். அப்பச்சி வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சக்கரத்தில் ஒரு பெட்டிகூட இல்லை, வெறும் இரும்புச் சட்டம்தான் நிற்கிறது. "ஒரு நாள் லீவுக்கு இத்தனை பெட்டியவும் எதுக்குத் தம்பி கழட்டி வச்சிருக்காங்க?" என்று கேட்டார்கள். அவன் பஸ் பக்கம் போய்விட்டான்.

அவர்கள் கேட்டதுதான் சரி. ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பெட்டிகளைக் கழற்றிப் பழுதுபார்த்து வைப்பார்கள். சைக்ளோனிலும் மரவேலை நடக்கும் காலம் அது. மறுபடி திறப்பது குருத்தோலை ஞாயிறை ஒட்டி, அதாவது மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில். முதலில் பெரும்பாலும் வார இறுதி நாட்கள், கோடையில் தினமும், அக்டோபரோடு முடிந்துவிடும். தேரைத் தகரம் போட்டு மூடிய பிறகு தேரோட்டம் காட்டுகிறேன் என்று வெளியூர்க்காரரிடம் காசு வாங்குவதும் இதுவும் ஒன்றுதான். இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. ஜனவரியில் கூட்டம் குறைவு, டிக்கெட் மலிவு. அதனால்தான் அந்த மாதத்தை நம் தலையில் கட்டுகிறார்கள்.

நுழைவுக் கட்டணத்துக்கு வருகிறேன். கோனி ஐலண்ட் என்பது ஒரே பூங்கா இல்லை. புரூக்ளினின் தென்கோடியில் உள்ள ஒரு கடலோரப் பகுதி. கடற்கரையும் 1923இல் திறந்த நடைபாதையும் பொதுச்சொத்து, யாரும் இலவசமாக நடக்கலாம். ரைடுகளைத் தனித்தனி நிறுவனங்கள் நடத்துகின்றன, ஏறுவதற்குத்தான் காசு. சுற்றுச்சுவர் கட்டி வாசலில் டிக்கெட் வாங்கிய பழைய பூங்காக்களில் டிரீம்லேண்ட் 1911இல் எரிந்து போனது. பழைய லூனா பார்க்கை 1944இல் தீ அழித்தது. ஸ்டீபிள்சேஸ் 1964இல் மூடப்பட்டது. இப்போது லூனா பார்க் என்ற பெயரில் இருப்பது 2010இல் புதிதாக வந்தது.

இன்னும் கொடுமை, நோட்டீஸில் போட்டிருந்த மூன்று ரைடுகளில் ஒன்று பாராசூட் ஜம்ப். 1939 உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, 1941இல் இங்கே கொண்டுவந்து நிறுத்திய 250 அடி கோபுரம் அது. 1960களிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட சின்னம், யாரையும் ஏற்றுவதில்லை. எங்கள் ஆத்தா பிறந்த காலத்து ரைடுக்கு எங்களிடம் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

மதியம் இந்தியச் சாப்பாடு என்று எழுதியிருந்தது. கொடுத்தது ஹாட் டாக். அங்கே 1916இலிருந்து இருக்கும் நாதன்ஸ் கடையின் பேர்போன பண்டம், மாட்டிறைச்சியில் செய்வது. கடையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் வெளிப்படையாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதைப் படித்துச் சொல்ல வேண்டியவன் வழிகாட்டி. குழுவில் இருந்த ஆச்சிமார் பலர் பாதி கடித்த பிறகுதான் பக்கத்து மேசைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டார்கள். ஆத்தா அன்று இரவு வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. பணத்தை விட்டுவிடலாம், இதை என்னால் விட முடியவில்லை.

ஊருக்கு வந்து கேட்டால், வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அச்சடித்த நிபந்தனையைக் காட்டுகிறார் ஏஜென்ட். மூடியது வானிலையால் இல்லை, பருவத்தால் என்று சொன்னேன். அப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள்.

இனிமேல் போகிறவர்கள் கடலோரக் கேளிக்கைப் பூங்கா எது என்றாலும், அந்தப் பூங்காவின் சொந்த இணையதளத்தில் உங்கள் பயணத் தேதிக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தின் பிளாக்பூலிலும் குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் ரைடுகள் ஓடாது. "நுழைவு உட்பட" என்றால் எந்த வாசல், எந்த ரைடு, என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள். சாப்பாட்டில் எந்த இறைச்சி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நியூயார்க்கில் பிள்ளைகள் இருந்தால் இதற்கு ஏஜென்ட்டே தேவையில்லை. டி, எஃப், என், கியூ என்று நான்கு சப்வே வண்டிகளும் ஸ்டில்வெல் அவென்யூவில் போய் முடிகின்றன. இறங்கி நடந்தால் கடல்.

எங்களோடு அதே குழுவில் வந்தவர்கள் ரசீதையும் நோட்டீஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் அன்றைக்கு வங்கியில் எடுத்த கணக்கையாவது எடுத்து வையுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கத்தான் போகிறோம்.